தங்கச்சியின் கண்ணாடி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், என் தங்கச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'மந்தம்' என்பார்கள். ஒன்பது வயதாகியும் நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டாள். சோற்றில் மூக்குப் படுகிற அளவுக்குக் குனிந்து சாப்பிடுவாள். வாசலில் தண்ணீர் ஓடும் கானில் அடிக்கடி விழுவாள். எல்லாவற்றுக்கும் புத்திதான் காரணம் என்று நாங்களும் நம்பியிருந்தோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சாயங்காலம் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்பி வந்தபோது, தங்கச்சி ஓடிப்போய் அம்மாவென்று வேறொரு பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"புத்தி இல்லேன்னாலும் என்னைய அவளுக்குத் தெரியும். கண்ணுதான் தெரியல" என்றார்.

அடுத்த வாரம் பசறை வழியாகப் பதுளைக்குப் பஸ் ஏறினோம். டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் எழுத்து அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். தங்கச்சி என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எழுத்துத் தெரியாத புள்ளைக்கு எப்படிம்மா பாக்குறது?" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அங்கே கண் பகுதியில் தமிழ் பேசும் ஒரு நர்ஸ் மிஸ்ஸி இருந்தார். அட்டையில் வெட்டிய, மூன்று பல்லுள்ள சீப்புப் போன்ற ஓர் எழுத்தைத் தங்கச்சியின் கையில் கொடுத்தார். சுவரிலும் அதே எழுத்து, பெரிதும் சிறிதுமாக, நாலு பக்கமும் திரும்பி நின்றது. அங்கே எப்படி இருக்கிறதோ கையிலும் அப்படித் திருப்ப வேண்டும். தங்கச்சிக்குப் புரியவில்லை. அட்டையைக் கடித்துப் பார்த்தாள்.

மிஸ்ஸி கோபப்படவில்லை. "வீட்டுக்குக் கொண்டு போய் வெளையாட்டு மாதிரி பழக்குங்க. அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒரு மாதம் அதுதான் எங்கள் விளையாட்டு. நான் திருப்புவேன், அவளும் திருப்புவாள். சரியாகத் திருப்பினால் ஒரு துண்டு வெல்லம். முதல் இரண்டு வாரம் வெல்லத்தை நான்தான் தின்றேன். பிறகு ஒரு நாள் அவள் திருப்பிவிட்டுக் கையை நீட்டினாள்.

மறுபடி போனபோது பெரிய எழுத்துக்கு மட்டுமே அவளால் அட்டையைத் திருப்பிக் காட்ட முடிந்தது. டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "இவ்வளவு நாள் இந்தப் பிள்ளை எப்படி நடந்தது?" என்று மிஸ்ஸியிடம் சிங்களத்தில் கேட்டாராம்.

தடித்த கண்ணாடி தயாரானதும் அதை வாங்கப் பதுளைக்குப் போனோம். தங்கச்சி அதை இரண்டு முறை பிடுங்கி எறிந்தாள். மூன்றாம் முறை அம்மா மாட்டிவிட்டபோது அசையாமல் நின்றாள். பிறகு அம்மாவின் மூக்குத்தியைத் தொட்டு, "மினுக்குது" என்றாள். பஸ்ஸில் வீடு வரும்வரை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று அம்மா அழுதது எனக்கு இப்போதும் நேற்று மாதிரி இருக்கிறது.

கண்ணாடி போட்டும் எழுத்து அவளுக்கு வரவேயில்லை. லயத்தில் ஒருத்தி அதைச் சொல்லிக் காட்டினாள்.

"படிக்கவா போட்டோம்? பாக்கத்தான போட்டோம்!" என்றார் அம்மா.

அந்தக் கண்ணாடி பல முறை உடைந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா வேலையை விட்டுவிட்டுப் பதுளை பஸ்ஸில் ஏறினார். நாங்கள் இருவரும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவோம். பெரும்பாலும் தங்கச்சிதான் ஜெயிப்பாள்.