டயருக்கு இட்ட மை

என் வீட்டுக்காரர் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் காரை ஓட்டினார். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைப் பிறந்த ஊருக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரம் பார்த்து எங்கள் துரை ஒரேயடியாகத் தன் நாட்டுக்குப் போய்விட்டார். கார் தோட்டத்துச் சொத்து, அது இங்கேயே நின்றுவிட்டது. டிரைவர் நிற்பதும் போவதும் புதிதாக வரும் துரையின் கையில் இருந்தது. எங்கள் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது.

புதுத் துரையைக் கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வேண்டும். காரை எவ்வளவு துடைத்தாலும் டயர்கள் மட்டும் வெளுத்து, சாம்பல் பூத்துக் கிடந்தன.

"மொகத்தைக் கழுவிட்டுக் காலைக் கழுவாம போற மாதிரி இருக்கு புள்ள," என்றார் வீட்டுக்காரர்.

பட்டணத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடையில், டயருக்கென்றே விற்கிற கறுப்பு பெயிண்டை டின்னில் வாங்கி வந்தார். முதலில் ஸ்பேர் சக்கரத்தில் அடித்துப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. ஒரு வெயிலுக்கே வெடித்து, வெங்காயத்தோல் மாதிரி உரிந்தது. அடுத்தது சப்பாத்துக்குப் போடுகிற பாலிஷ். ஒரு டப்பா ஒரு சக்கரத்துக்கே பற்றவில்லை. தேய்க்கத் தேய்க்க மங்கிக்கொண்டுதான் போனது. மனிதர் சோறு தண்ணீர் இல்லாமல் சக்கரத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை சோடனை கெடையாதுங்க," என்றேன். ஆனால் வழி சொன்னதும் நான்தான். பிள்ளைக்குக் கண்மை செய்வதற்கு விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டி எடுப்போம். அதே கரியைக் கொஞ்சம் நிறையச் சேர்த்து, தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். வெட்டப் போகும்போது கையில் பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிக்கொள்வது எங்கள் வழக்கம். அதனால் சோற்றுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் லயத்து வீட்டில் எண்ணெய் இருக்கும்.

அவர் தயங்கினார். "ரப்பருக்கு எண்ணெய் ஆவாது புள்ள. ஊறிக் கெட்டுடும்."

"ஒரு நாள்ல ஒண்ணும் கெடாது. வேலையே போனா டயர் இருந்து என்ன செய்ய?"

துரை வரும் நாள் காலையில் அவர், தரையில் படாத பக்கமாகப் பார்த்து, பழைய துணியால் நிதானமாகத் தடவினார். நாவல்பழம் மாதிரி மினுமினுத்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஸ்டேஷனில் நடந்தது அவர் சொல்லித்தான் தெரியும். தோட்டத்திலிருந்து கிள்ளான் வரை செம்மண் சாலை. எண்ணெய்க்கும் புழுதிக்கும் உள்ள உறவை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், எல்லா டயரும் செங்கல் நிறத்தில் இருந்தன. நான் கஞ்சி போட்டுக் கொடுத்த வெள்ளைத் தலைப்பாகையை அவிழ்த்து, ரயில் வரும் வரைக்கும் மண்டிபோட்டுத் துடைத்திருக்கிறார். துடைக்கத் துடைக்க அப்பிக்கொண்டதே தவிர, போகவில்லை.

புதுத் துரை டயரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால், மூன்றாம் வகுப்பிலிருந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழ் இளைஞன் தொப்பியோடு இறங்கினான். தன் டிரைவரைத் துரை கூடவே கொண்டுவந்திருந்தார். புதியவனுக்கு வழி தெரியாததால், திரும்பும்போதும் இவரைத்தான் ஓட்டச் சொன்னார்கள்.

சாயங்காலம் இவர் வாளியும் சவுக்காரமுமாகக் கார் கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"இனி அது அவன் ஓட்டுற காரு. அவன் கழுவட்டும்."

"தடவுனது நாமதானே. அப்படியே விட்டா டயர் வீணாப் போயிடும். பழி அந்தத் தம்பி மேல விழும்."

அந்தத் தம்பி அங்கேயே நின்றிருந்தான். அவனுக்கென்று நான் வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். அதற்குள் அவன் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, அடுத்த சக்கரத்தருகே குந்தினான். எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"இங்க ஆள் இருக்குன்னு தொரை சொல்லவே இல்லண்ணே. எங்க தோட்டத்துல எல்லாரையும் அனுப்பிட்டாங்க. எங்கம்மாவையுந்தான்."

இவர் சவுக்காரத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றேன்.

"இல்லக்கா."

வீட்டுக்குப் போய் உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டேன். அடுத்த மாதம் எங்களைக் கப்பலேற்றினார்கள். அவனைத் திட்டுவதற்கென்று வைத்திருந்ததையெல்லாம், மகளை மடியில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். யாரைத் திட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.