நேர்கோட்டில் வெட்டிய முகத்துவாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரி. முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடந்ததால், வயல்களில் நிறைந்த வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லை. என் நாலு ஏக்கர் இளம்பயிரும் தண்ணீருக்குள். ஒரு கிழமைக்கு மேல் மூழ்கினால் அழுகிவிடும்.

அந்த வருடம் முகத்துவாரத்தை வெட்டுவிக்கும் பொறுப்பு என் தங்கையின் மாப்பிள்ளைக்கு வந்தது. பொறியியல் படித்தவர்; எந்தப் பரீட்சையிலும் தோற்காதவர். வழமையாக நாங்கள் வாடைக்காற்றுக்கு முகம் காட்டாமல் தெற்கே சரித்துத்தான் வெட்டுவோம். அவரோ கடலை நோக்கி நேராகக் கயிறு பிடித்தார். தூரம் குறைவாம், தண்ணீர் வேகமாம். விடியப் பார்த்தால், வெட்டிய வழியை அலை மணல் வாரிப் போட்டு மூடியிருந்தது.

ஆட்கள் ஆழம் காணாமல் வெட்டிவிட்டார்கள் என்றார். மறுநாள் அதே கோட்டில் ஆழமாக வெட்டினோம். அதுவும் மூடிற்று. இந்தமுறை குற்றவாளி மணல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒருக்காச் சரிச்சு வெட்டிப் பாருங்களன் மச்சான்" என்றேன்.

"கணக்குப் பிழைக்கல்ல மச்சான். செஞ்ச விதம்தான் பிழை."

எட்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான். ஏதும் பிழைத்தால் முதலில் என் கையைத்தான் பார்ப்பேன். அடி வாங்கி வந்த பழக்கம். இந்த மனிதருக்கு வாழ்நாளில் யாரும் சிவப்பு மையால் கோடு போட்டதில்லை. பிழை வந்தால் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் நிற்பவன் தலையில் வைக்கிறார். ஆளில்லாவிட்டால் மணலின் தலையில்.

மூன்றாம் நாளும் அதே கயிறு, அதே கோடு. வெட்ட வந்திருந்த, பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக் கமக்காரர் ஒருவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு என்னை அண்ணன் முறை கூப்பிட்டுச் சொன்னார்: "அவர் படிச்சவர் காக்கா. கடல்தான் படிக்கல்ல. அதான் சொல்லுக் கேக்குதில்ல."

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட, மச்சானும் நானும் எங்கள் ஆட்களும் பள்ளிக்குப் போனோம். போகும்போது அந்தக் கமக்காரரை ஒருதரம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தொழுதுவிட்டு வந்தால், காரைதீவு ஆட்கள் தெற்கே சரித்து வெட்டிய வழியால் வெள்ளம் இரைந்துகொண்டு கடலுக்குள் போகிறது. என் பயிரில் பாதி தப்பியது.

மச்சான் கரையில் நின்று கொப்பியில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். திட்டம் மூன்றாம் முயற்சியில் வெற்றி என்றிருந்தது. சரித்தல்லவா வெட்டியிருக்கிறது என்று கேட்டதற்கு, தண்ணீர் தானாகத் திரும்பியிருக்கும் என்றார்.

அடுத்த மாரியும் வெள்ளம் வந்தது. மச்சான் கயிற்றை நேராகப் பிடித்தார். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல் மடிக்கத் தொடங்கினேன்.