அளவுகோலுக்கு ஆள் வேண்டாம்

ஆழம்மா என்றுதான் அலுவலகத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆறு, ஏரி, கழிமுகம் என்று எங்கே தண்ணீர் உண்டோ அங்கே படகில் போய் ஆழம் அளப்பது அவள் வேலை. குடிக்கக் கொடுத்த டம்ளரைக்கூட ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள் என்று கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்கள் யாரும் அவள் கொடுத்த அளவை மறுபடி சரிபார்த்ததில்லை. அந்த நம்பிக்கை அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து சம்பாதித்தது.

அந்தக் கோடையில் சொந்த ஊர் ஆற்றையே அளக்கும் வேலை வந்தது. கடல்முகத்துப் பெரிய துறைமுகத்திலிருந்து தட்டையான சரக்குப் படகுகள், பார்ஜ் என்பார்களே அவை, ஆற்றோடு மேலேறி ஊர்வரை வந்து போக ஒரு சின்னத் துறை கட்டினால் தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். செங்கல் சூளைக்காரர்களையும் அரிசி ஆலைக்காரர்களையும் பார்த்து, எவ்வளவு சரக்கு போகும், படகு வெறுமனே திரும்பாமல் எதை ஏற்றி வரும் என்றெல்லாம் விசாரிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். பாலத்துக்கு அடியில் படகு நுழையுமா என்று பார்க்க ஒருவர் இருந்தார். ஆனால் கோடையில் தண்ணீர் போதுமா என்ற கேள்வி ஆழம்மாவின் தலையில் இருந்தது. அது போதாது என்றால் மற்றவர்கள் விசாரித்ததெல்லாம் வீண்.

சொந்த ஊர் என்பதால் எல்லோரும் வழியில் நிறுத்திக் கேட்டார்கள். அவள் அமர்த்தியிருந்த படகுக்காரர் தினமும் கேட்டார். தன் மீன்படகை விற்றுவிட்டு, பங்காளிகளோடு சேர்ந்து பார்ஜ் ஒன்று வாங்க அவருக்கு ஆசை. அளந்து முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று ஆழம்மா சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவர் ஊருக்கு மேலே ஆற்றின் குறுக்கே இருக்கும் மதகில் மேற்பார்வையாளர். ஷட்டரை எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்பது அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர். சேற்றுக்காலோடு வருகிறாளே என்று முகம் சுளிக்க மட்டும் தெரியும். அப்பேர்ப்பட்டவர் இந்தக் கோடையில் தலைகீழாக மாறிப்போனார். சாயங்காலம் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து டீ போட்டு வைத்தார். இன்றைக்கு எந்த வளைவு, நாளைக்கு எங்கே ஆரம்பிக்கப் போகிறாய், எத்தனை மணிக்குப் படகு ஏறுவாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து, புதுப்பெண் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இங்கே இந்த வேலையின் ஒரு சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். ஆழம் அளக்கும் கருவி பொய் சொல்லாது. ஆனால் தண்ணீர் ஏறியிருந்தால், ஏறியதையும் சேர்த்துத்தான் சொல்லும். ஏறியது எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால்தான் கோடை ஆழம் தெரியும். அதற்காகப் பாலத்துத் தூணில் வரைந்திருக்கும் அளவுகோலுக்கு முன்னால் காலையிலிருந்து மாலைவரை ஓர் ஆளை உட்கார வைத்து எழுதச் சொல்வது வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் ஆழம்மா அந்த ஆளை முதலில் தேடுவாள். இந்த ஊரில் தேடவில்லை. ஷட்டர் இறக்கியே இருக்கிறது, சொட்டுத் தண்ணீர் வராது, திறந்தால் உன்னிடம் சொல்லாமலா திறப்பேன் என்று கணவர் சொன்னார். வீட்டிலேயே மதகுக்காரர் இருக்கும்போது அளவுகோலுக்கு ஆள் எதற்கு? காலையில் ஒரு தடவை தூணைப் பார்த்து எழுதிக்கொண்டு படகு ஏறிவிடுவாள்.

ஆழம் நன்றாகவே வந்தது. எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. இந்தக் கோடையில் ஆறு இவ்வளவு தாராளமாக இருப்பதற்கு உங்கள் ராசிதான் காரணம் தங்கச்சி என்று படகுக்காரர் சொன்னார். படகில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஏறுவது எங்கே தெரிகிறது, படகும்தானே சேர்ந்து ஏறுகிறது. வேலை முடிந்த கையோடு, தைரியமாக வாங்குங்கள் அண்ணே என்று அவருக்கு வாய் நிறையச் சொல்லிவிட்டாள். அறிக்கையும் தயாரானது.

அடுத்த வாரம் கணவர் மேலதிகாரிகள் கூட்டிய பயிற்சிக்காக வெளியூர் போனார். ஒரே ஒரு வளைவில் ஆழப்படம் தெளிவாக இல்லை என்று அலுவலகம் கேட்டதால், பழைய படகுக்காரர் பார்ஜ் விலை பேசப் போயிருக்க, ஆழம்மா வேறொருவரின் மீன்படகில் மறுபடி ஏறினாள். தாராளமாக ஆழம் இருக்கிறது என்று அவள் எழுதிய அதே இடத்தில் மீன்படகே தரைதட்டி நின்றது. இறங்கிப் பார்த்தாள். முழங்கால்வரைதான் தண்ணீர். கருவியை மாற்றிப் பார்த்தாள், கம்பை ஊன்றிப் பார்த்தாள். ஆறு முழங்காலைத் தாண்டி ஏறவில்லை.

ஏதாவது அடைப்பாக இருக்கும் என்று நேரே மதகுக்குப் போனாள். அங்கே இருந்த உதவியாளர் எழுந்து நாற்காலி போட்டார்.

"அளவெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு அண்ணன் சொன்னாரே அண்ணி. இனிமே ஷட்டர் தூக்க வேண்டாம்னுட்டுத்தான் போனாரு."

எதற்காகத் தூக்கினீர்கள் என்று அவள் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை.

"நீங்க கேட்டீங்கன்னுதானே அண்ணன் சொன்னாரு? படகு தரைதட்டுது, நீங்க கெளம்பினதும் கொஞ்சம் தண்ணி விடணும், மதியம் இறக்கிடலாம்னு. நாங்க உங்களுக்காகத்தான் செஞ்சோம்."

இதுவரை 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லி வந்தாயிற்று. இனி அவன்தான். கட்டினவளிடம் வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வழியிலேயே குழி வெட்டியவனுக்கு 'ர்' விகுதி ஒரு கேடா?

திரும்பி வந்தவனிடம் அவள் சத்தம் போடவில்லை. அவனும் மறைக்கவில்லை. கரையோர நிலத்தை வளைத்துப் போட்டிருக்கும் ஒரு தரகர், துறை வந்தால் அதற்கு அவனே கண்காணிப்பாளர் என்று ஆசை காட்டியிருந்தார். எத்தனை வருஷம் அந்த ஷட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றான். துறை வந்தால் உனக்கும்தானே பெயர் என்றான். யாருக்கு என்ன நஷ்டம், பிறகு தூர்வாரிக்கொள்ளட்டுமே என்றான்.

"நாளைக்கு எங்க அளக்கப் போறேன்னு தினமும் கேட்டீங்களே. என்மேல அக்கறைன்னு நெனச்சேன்."

"அக்கறையும்தான்" என்றான்.

அந்த 'உம்'மில்தான் அவள் உடைந்து போனாள். முழுப்பொய் என்று சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டு எழுந்திருப்பாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் போட்டு வைத்த டீயையெல்லாம் ஆசையாகக் குடித்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

விடிந்ததும் முதல் வேலையாகப் படகுக்காரர் வீட்டுக்குப் போனாள். அவருடைய மீன்படகு முந்தின நாளே கைமாறியிருந்தது. என் அளவு தப்பு அண்ணே என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் திட்டவில்லை. நீங்க சொன்னதாலதானே தங்கச்சி என்றார். அதைவிட அவர் திட்டியே இருக்கலாம்.

அறிக்கையை ஊரார் முன்னால் வைக்கும் கூட்டம் அந்த வாரமே நடந்தது. பெரிய அறை, தேய்ந்த மின்விசிறிகள், முன்னால் அதிகாரிகள், பின்னால் ஆலைக்காரர்கள், சூளைக்காரர்கள். மதகுப் பிரிவின் சார்பில் அவனும் கடைசி வரிசையில் இருந்தான். கருவிக் கோளாறு என்று சொல்லி மறுபடி அளக்கக் கேட்டுவிடு, காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று அவளுடைய மேலாளர் சொல்லியிருந்தார். வீட்டிலும் அதையேதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தான். ஒரு கருவியின் மேல் பழி போட்டால் யாருக்கும் வலிக்காது. வேலையும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.

அவள் எழுந்து நின்றாள். கோடையில் இந்த ஆற்றில் பார்ஜ் வராது என்றாள். அறை முழுக்கச் சலசலத்தது. போன வாரம்வரை வரும் என்றுதானே பேச்சு என்று தலைமை அதிகாரி கேட்டார். கருவியில் ஏதாவது கோளாறா என்று அவரே அடி எடுத்தும் கொடுத்தார்.

"கருவி சரியாத்தான் இருந்துச்சு சார். நான் அளக்கப் போன நாளெல்லாம் மதகத் தெறந்து தண்ணி விட்டிருக்காங்க. அளவுகோல்கிட்ட ஆள் போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் போடல. தண்ணி வராதுன்னு ஒருத்தர் சொன்னத நம்பிட்டேன்."

வாசலோரம் நின்றிருந்த படகுக்காரர்தான் கேட்டார்.

"யாரு தங்கச்சி அந்த ஆளு?"

மேலாளர் மேசைக்குக் கீழே அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. காலடிகள் வாசலைத் தாண்டி இறங்கிப் போயின. ஆழம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அளந்து எழுதியிருந்த தாளைப் பிரித்து, முதல் வளைவில் முழங்கால் ஆழம் என்று வாசிக்கத் தொடங்கினாள்.