கம்பெனி ஸ்பேனர்

பழைய புல்லட்டை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் அவ்வப்போது கேட்பார்கள். அப்பாவின் வண்டி இப்போது என்னிடம் இருப்பதும், அதை நானே பிரித்து மாட்டுவதும் அவர்களுக்குத் தெரியும். நானும் கடகடவென்று சொல்லிவிடுவேன். பளபளப்பான பெட்டியைப் பார்த்து மயங்காதே, உன் வண்டி நட்டுக்குப் பொருந்துகிற இஞ்ச் ஸ்பேனர் நாலைந்து போதும். பிளக் கழற்ற ஒன்று, பாயின்ட் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ், நுனி மழுங்காத திருப்புளி இரண்டு, ஒரு மரச் சுத்தியல். "எல்லாம் கம்பெனியா வாங்கணுமாக்கா, லோக்கல் போதுமா?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கே மட்டும், நல்லதாகப் பார்த்து வாங்கு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஓசூரில் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே வாசல். அப்பாவுக்குச் சொந்த ஊர் கல்லாவி. அவர் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள்தான். சட்டைப் பையில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் இவர். ஆனால் காண்ட்ராக்ட். ஏழு வருடமாகக் காண்ட்ராக்ட். அந்த வருடம் சிலரைப் பெர்மனென்ட் செய்யப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சாமியிடம் அதை மட்டும்தான் கேட்டாள், அதுவும் சத்தமாகவே கேட்டாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அதே வருடம்தான், ஜவளகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த புல்லட்டை அப்பா இரும்பு விலைக்கு வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "வண்டிய வாங்கினீங்களா, கோழிக்கூண்ட வாங்கினீங்களா?" என்றாள் அம்மா. சீட்டுக்கு அடியில் ஒரு முட்டைகூட இருந்தது. அதை எடுத்து அம்மா கையில் கொடுத்து, வண்டியோடு வந்த இனாம் என்றார் அப்பா.

வீட்டில் இருந்த சாமான் எதுவும் அந்த வண்டிக்கு ஆகவில்லை. பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் நட்டில் ஏறாது. பதினாலாம் நம்பர் வழுக்கும். பழைய காலத்து வண்டி, எல்லாம் இஞ்ச் கணக்கு. இந்தக் காலத்து எம்எம் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் பஸ் ஏறி எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவோம். அங்கே பழைய இரும்புச் சாமான் விற்கும் கடைகளைக் குஜிரி என்பார்கள். அப்பா கடைக்காரரோடு கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டே குவியலுக்குள் கையை விட்டுத் துழாவுவார். வண்டியிலிருந்து கழற்றிய நட்டு ஒன்று என் கையில் இருக்கும். அவர் எடுத்துத் தரும் ஸ்பேனரில் அதை வைத்து ஆட்டிப் பார்ப்பது என் வேலை. ஆட்டம் இருந்தால் குவியலுக்கே திரும்பிவிடும். ஆட்டம் இல்லாமல் கப்பென்று உட்கார்ந்தால், துருவைத் துடைத்து, கைப்பிடியில் அச்சடித்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்துவிட்டால் முகமெல்லாம் சிரிப்பு. "கம்பெனி ஸ்பேனர், பாப்பா!" என்பார். போலி அல்ல, அசல் என்று அர்த்தம். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. அம்மா போடும் டீ நன்றாக அமைந்த அன்று அதுவும் கம்பெனி டீ ஆகிவிடும்.

அடுத்த வீட்டு மாமா திருநெல்வேலிக்காரர். அப்பா வேலை பார்த்த கம்பெனியிலேயே ஸ்டோர்ஸ் பொறுப்பு, பெர்மனென்ட். அவர் மகள் என் வகுப்பு. அவளிடம் சைக்கிள் இருந்தது, அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து என் எதிரில் "ஸ்ஸ்" என்று பல் கூசுவதுபோல் நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் அப்பா வாசலில் சாக்கை விரித்து ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைத்துவிட்டு உள்ளே போயிருந்தார். அவள் வந்து பார்த்தாள்.

"ஏட்டி, இந்தத் துருப்பிடிச்சதெல்லாம் உங்கப்பா குப்பையிலயா பொறுக்குனாங்க?"

"குப்பை ஒண்ணும் இல்ல. எல்லாம் கம்பெனி ஸ்பேனர்" என்றேன்.

"எந்தக் கம்பெனி?"

இந்த இடத்தில் நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். குஜிரியில் வாங்கினோம் என்று சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பாள். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டே, காலையில் டிபன் பாக்ஸோடு போகிற இடம். அது பெரிய கட்டடம், வாசலில் கொடி பறக்கும். அந்த அர்த்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"எங்கப்பா கம்பெனிதான். அங்கேருந்துதான் கொண்ணாந்தாரு. இன்னும் நெறையா கொண்ணாருவாரு."

அவள் திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

அந்த வாரம் ஸ்டோர்ஸில் ஒரு ஸ்பேனர் செட் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு அது எங்கே தெரியும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவும் கம்பெனி சூப்பர்வைசரும் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் கையில் ஒரு புது ஸ்பேனர் இருந்தது. அப்பா லுங்கியோடு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். இரண்டு பேரும் உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. செட்டு ஒண்ணக் காணல. ஸ்டோர்ஸ்னா எங்கழுத்துக்குல்லா கத்தி?" என்று மாமா இழுத்தார். "உங்க பிள்ளதான் சொல்லிச்சாம், எல்லாம் நம்ம கம்பெனிச் சாமான், அப்பா கொண்டாந்தாருன்னு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"அய்யோ, அது நான் பழக்கிவுட்டதுங்க. ஒரிஜினல் சாமானக் கம்பெனி கம்பெனின்னு சொல்லிக்கினே இருப்பேன். கொழந்த அதையே சொல்லியிருக்குது. அப்படித்தானே சொன்ன பாப்பா?"

தலையாட்டினேன். மாமாவின் பின்னால் அவர் மகள் நின்றாள். நான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேகமாக இன்னொரு தடவை தலையாட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சொன்ன பொய்கூடப் போகட்டும், அந்தத் தலையாட்டல்தான் என்னை விடவில்லை.

அப்பா பெட்டியைத் தூக்கி வந்து சாக்கின் மேல் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். உள்ளே போய்ச் சமையலறையில் இருந்த திருப்புளியையும் கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் கேட்கவே இல்லை. சூப்பர்வைசர் கையிலிருந்த ஸ்பேனரைக் காட்டி, "இதக் கொஞ்சம் இந்த நட்டுல போட்டுப் பாருங்க சார்" என்றார். அவர் குனிந்து போட்டுப் பார்த்தார். நுழையவில்லை. அப்பா தன்னுடையதை எடுத்துப் போட்டார். கப்பென்று உட்கார்ந்தது.

"உங்களுது எம்எம், இதுங்க பூராவும் இஞ்ச். கம்பெனியில இத வெச்சி ஒரு போல்ட்டக்கூடக் கழட்ட முடியாது சார். எல்லாமே அத்திப்பள்ளிக் குஜிரி."

அவர் அதை எட்டு வீட்டுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. எந்த வார்த்தையை ஒரே ஒருத்தி காதில் விழாமல் மறைக்க நான் பொய் சொன்னேனோ, அதே வார்த்தை.

"பிடப்பா, மனசுல வெச்சுக்காதே" என்று, விட்டுவிடு என்பதைக் கன்னடத்தில் சொல்லி, சூப்பர்வைசர் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாமா வண்டியின் டேங்கைத் தட்டிப் பார்த்து, "வண்டி நல்லாத்தான் வந்துருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். காணாமல் போன செட் பத்து நாளில் கம்பெனிக்குள்ளேயே வேறொரு லைனில் கிடைத்ததாம். பெர்மனென்ட் ஆனவர்களின் பட்டியலும் வந்தது. அதில் அப்பா பெயர் இல்லை. இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நீ உண்மையில் என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்டதும் இல்லை. கேட்கவில்லை என்பதால் தப்பித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது யார் வந்து நின்றாலும், பால்காரர் ஆனாலும் சரி, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் ஆனாலும் சரி, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எல்லாம் குஜிரி சாமானுங்க, கம்பெனிது ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அப்பாவுக்கு நல்ல ஜோக் ஒன்று அகப்பட்டுவிட்டது என்று அப்போது எனக்குச் சந்தோஷம். அவர் "எல்லாம்" என்று தொடங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "குஜிரி சாமானுங்க" என்று நானே முடித்து வைப்பேன்.