தோன் சில்வெரியோவின் முதல் வருடச் செபம்

இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செபம் சொல்கிறவள். எங்கள் டொமினிக்கன் குடியரசில், மலையோரத்தில் கோகோ விளையும் ஊர்களில் இறந்தவர்களுக்காக வீடு வீடாகப் போய்ச் செபமாலை சொல்வதுதான் என் பிழைப்பு. எமெரித்தா என்றால் எல்லோருக்கும் தெரியும். துக்க வீட்டைப் பற்றிக் கதை கட்டுகிறாள் என்று பேர் வந்தால், அப்புறம் ஒரு வீட்டுப் படியையும் மிதிக்க முடியாது. எனக்கு அதில் என்ன லாபம்?

நடந்தது போன ஆகஸ்ட் மாதம். பட்டப்பகல். மத்தியானம் மூன்று மணி.

ஊரே மரியாதையாக ‘தோன்’ போட்டு அழைத்த சில்வெரியோ இறந்து ஒரு வருடம் நிறைந்த நாள். தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்தவர். பதினொரு பிள்ளைகள். பாதி ஊருக்கு அவர்தான் ஞானத்தகப்பன். எனக்கும்தான். ஆறு கரை புரண்டு ஓடிய ஒரு நாளில், பிரசவ வலியில் துடித்த அடுத்த வீட்டுக்காரியை முதுகில் சுமந்து அக்கரை சேர்த்தவர். புயலில் கூரை பறந்த குடும்பங்களை மாதக்கணக்கில் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் இதையேதான் பேசினார்கள். வாசலில் ஆண்கள் அவரைப் போலவே இருமி, அவரைப் போலவே சிரித்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பின்பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பும் துவரைச் சோறும் அடுப்பில் இருந்தன.

மூத்த மகள் காசில்தா அக்காவிடம், “சீக்கிரம் முடிச்சா சோறு வேகாது, இழுத்துச் சொன்னா குழம்பு ஆறிடும். எப்படிக்கா சொல்லட்டும்?” என்று கேட்டேன்.

“குழம்பு ஆறினா சூடு பண்ணிக்கலாம். அப்பாவுக்குக் குறை வைக்காம சொல்லு” என்றார். கண் கலங்கியிருந்தது.

கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களைப் பார்த்தபடி நான் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அவருடைய படம், இரண்டு மெழுகுவர்த்தி, சுவர். அவ்வளவுதான்.

செபமாலை நல்லபடியாக முடிந்தது. புனிதர்களின் பிரார்த்தனையைத் தொடங்கினேன்; ஒவ்வொரு பெயராக நான் சொல்ல, கூடமே பதில் சொல்லும்.

“புனித மரியே...”

“அவருக்காக வேண்டிக்கொள்ளும்.”

“புனித சூசையப்பரே...”

“அவருக்காக வேண்டிக்கொள்ளும்.”

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் தனியாகச் சொன்னது. காது மந்தமான கிழவிகள் பிந்திச் சொல்வது வழக்கம்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த புனிதருக்கும் அப்படியே. அதற்கடுத்தும்.

அப்போதுதான் கவனித்தேன். அது என் முன்னால் இருந்து வரவில்லை.

பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். படம். மெழுகுவர்த்தி. சுவர்.

“புனித மிக்கேலே...” என்றேன்.

நாற்பது பேரும் பதில் சொன்னார்கள். பிறகு அந்தக் குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை. வெறுப்பு மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல...

“அவனுக்காக வேண்டாதே.”

என் கையிலிருந்து மாலை நழுவியது.

காசில்தா அக்காவைப் பார்த்தேன். அவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. ஏன் நிறுத்தினாய் என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். “மேலே சொல்லு” என்று உதட்டை அசைத்தார்.

சொன்னேன். வேறு என்ன செய்வது?

“புனித கபிரியேலே...”

எதிரே எல்லா வாய்களும் அசைந்தன. ஆனால் அவர்களுடைய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்த ஒரு குரல் மட்டும் கேட்டது.

“அவனுக்காக வேண்டாதே.”

இப்போது பிடரிக்குப் பக்கத்தில்.

மூச்சு... சூடாக.

எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நேராகக் கடைசிச் செபத்துக்குத் தாவினேன்.

“ஆண்டவரே, முடிவில்லாத இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும்.”

முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக. இதுதான் பதில். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அசைந்தன வாய்கள்.

“முடிவில்லாத இருட்டு.”

எழுந்தேன்.

ஓடினேன்.

வாசலில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். உதறினேன். செருப்பை விட்டுவிட்டு வீடு வரை ஓடினேன்.

மறுநாள் காலை காசில்தா அக்காவும் அவருடைய தம்பி ஒதிலியோவும் என் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஒதிலியோ காறித் துப்பினான்.

“உனக்கு முதல் செருப்பு வாங்கிப் போட்டவர் எங்க அப்பா. அவர் செபத்தைப் பாதியில விட்டுட்டு ஓடினது போதாதுன்னு, இப்படி ஒரு கதை வேற கட்டறியா? இனி எங்க வீட்டுச் சாவுக்கு உன் நிழல்கூட வரக் கூடாது.”

அக்கா என் செருப்பைக் கொண்டுவந்திருந்தார். அதை முற்றத்து மண்ணில் வீசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெயில்... வெறும் வயிறு... ஏதோ மயக்கமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து நியூயார்க்கிலிருந்து போன் வந்தது. தோன் சில்வெரியோவின் கடைசி மகன் நார்சிசோ. ஊருக்கு வர முடியாததால், யாரோ ஜன்னலில் வைத்திருந்த போன் வழியாக அவன் அன்றைய செபத்தை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தானாம். எனக்கு அதுவரை அது தெரியாது.

“எமெரித்தாக்கா, நீங்க ஏன் ஓடினீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“அந்தக் குரல் உனக்கும் கேட்டுச்சா?”

“தனியா ஒரு குரலும் கேக்கலை. கூடத்துல இருந்த எல்லாரும்தான் ‘அவனுக்காக வேண்டாதே’ன்னு சொன்னாங்க. காசில்தா அக்கா, ஒதிலியோ அண்ணன், பேரப்பிள்ளைங்க... எல்லாரும். முகத்துல பாசத்தோட, கண்ணுல தண்ணியோட சொன்னாங்க. அப்புறம் போன் பண்ணிக் கேட்டா யாருக்கும் ஞாபகமே இல்லை.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நானும் இங்கே உக்காந்து உங்ககூடவே செபம் சொல்லிட்டிருந்தேன். ஒழுங்காத்தான் சொல்றேன்னு நினைச்சேன்” என்றான். “அப்பதான் என் பெண்டாட்டி அடுப்படியிலேர்ந்து ஓடி வந்தா. ‘யாருக்காக வேண்டக் கூடாதுன்னு இப்படித் திரும்பத் திரும்பச் சொல்றே?’ன்னு கேட்டா.”