இருநூற்றுப் பதினாலு படிகளும் ஒரு சிவப்புத் தகடும்

அவளைத் தெருவில் எல்லாரும் தபாலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். பத்தொன்பது வருடமாக ஒரே பை, ஒரே தெரு. தெரு என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். குன்றின் மேல் செங்குத்தாக ஏறும் இருநூற்றுப் பதினாலு படிகள், இரண்டு பக்கமும் முப்பத்தெட்டு வீடுகள், பாதி வழியில் ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான் தெரு.

வீட்டுக்கு வீடு பெட்டியும் ஒவ்வொரு தினுசு. ஒன்று முழங்கால் உயரத்தில் இருக்கும். குனிந்தால் நிமிர முடியாது. இன்னொன்றின் வாய் விரலைப் பதம் பார்க்கும். ஒன்றில் குளவி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அவள் சும்மா இருக்கவில்லை. சைக்கிள் ட்யூபை வெட்டி, கூரான வாய்களுக்கு உதடு தைத்தாள். மழை ஒழுகும் பெட்டிகளுக்குச் சரிவாக மூடி போட்டாள். புருஷன் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்ததால் ட்யூபுக்கும் தகரத்துக்கும் பஞ்சமில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஏறுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இறங்கும்போதுதான் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, பெட்டி எல்லாத்தையும் கீழ அடிவாரத்துலயே வரிசையா வச்சுட்டா என்ன?"

"வைக்கலாம். லெட்டர் வந்திருக்கான்னு பாக்க அவங்கல்ல தினம் இறங்கி ஏறணும்? உன் முட்டி வலியைத் தூக்கி ஊருக்குக் குடுக்குற."

"வந்தா மட்டும் இறங்கட்டும். வந்திருக்குன்னு மேல இருந்தே தெரியணும். அதுக்கு வழி சொல்லுங்க."

அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு பழைய பிரேக் லிவரையும் ஒரு சுருள் கம்பியையும் மேசைமேல் வைத்தார். பெட்டிக்கு அடியில் லிவர். அதிலிருந்து கைப்பிடிச் சுவரோரமாக, வளையம் வளையமாகக் கோர்த்து மேலே போகும் கம்பி. வீட்டு ஜன்னலோரம் ஒரு சிவப்புத் தகடு. கடிதத்தைப் போட்டுவிட்டு லிவரை அழுத்தினால் மேலே தகடு நிமிர்ந்து நிற்கும்.

தபால் நிலையத் தலைவர் அவள் நீட்டிய வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எழுத்துல கேக்காதீங்கம்மா. நானும் எழுத்துல வேண்டாம்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

முதலில் உச்சிப்படி வீட்டுப் பெட்டியை அடிவாரத்துக்கு இறக்கிக் கம்பி போட்டார்கள். அங்கே தனியாக இருந்தவர் தையல்காரம்மா. அறுபது தாண்டியவர். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு எழுதிப்போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் கடிதத்துக்காகக் காத்திருந்தார். முகங்கள் கலங்கலாகத் தெரிந்தாலும் சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது. முதல் தகடு நிமிர்ந்த அன்று உச்சியிலிருந்து கத்தினார்: "தபாலு! எந்திரிச்சுடுச்சுடி!"

பிறகு கேட்க வேண்டுமா? எனக்கு, உனக்கு என்று மேல்படிகளில் இருந்த இன்னும் பத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் வரவில்லையே தவிர, மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆரம்பத்தில் லிவரை அழுத்திவிட்டு அவள் ஒவ்வொரு முறையும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, தகடு எழுந்ததா என்று உறுதி செய்துகொள்வாள். ஒரு மாதம் போனது. கம்பி இழுபடுவது கைக்குத்தான் தெரிகிறதே, கழுத்தை எதற்கு வலிக்கவைப்பது என்று விட்டுவிட்டாள். அலுத்த உடம்பு எங்கே சலுகை கிடைக்கும் என்றுதானே பார்க்கும்.

மழைக்காலம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, தையல்காரம்மாவின் மின்சாரச் சீட்டைப் பெட்டிக்குள் விடப்போனபோது வாய் வழியாக உள்ளே ஒரு பழுப்பு உறை தெரிந்தது. அவள் போட்டதுதான், போன வாரத் திங்கட்கிழமை. ஆஸ்பத்திரி முத்திரை. லிவரை அழுத்தினாள். வழக்கம்போல் இழுத்தது. அண்ணாந்து பார்த்தாள். மேலே தகடு படுத்தே கிடந்தது. நூறாவது படிக்குப் பக்கத்து வளையம் துருப்பிடித்துக் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதி மட்டும் இழுபட்டிருக்கிறது.

விரலை விட்டு உறையை வெளியே எடுத்தாள். பை தோளில் இருக்க, நிற்காமல் ஏறினாள். அன்று முட்டி வலித்ததா என்று பிறகு கேட்டபோது அவளுக்கே நினைவில்லை.

"படி" என்றார் தையல்காரம்மா.

அவள் உறையைப் பிரித்துப் படித்தாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தது. அந்தச் சனிக்கிழமை போய் மூன்று நாளாகியிருந்தது.

தையல்காரம்மா மெஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "நான் தினம் அந்தத் தகட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வேற எதைப் பாத்தேன்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன் முட்டிக்கு என் கண்ணு பலியாடி?" என்று கேட்டார்.

தபாலக்கா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

விடுமுறை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றாள். தப்பு தன்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். கவுண்ட்டரில் இருந்தவர் முழுவதும் படித்தார். "யாரு தப்பா இருந்தாலும் இருக்குற கட்டில் அவ்வளவுதான்மா. நாலு மாசம் ஆகும்" என்றார்.

அந்த வாரமே புருஷன் குறடோடு வந்து பதினோரு கம்பிகளையும் அறுத்துச் சுருட்டினார். பெட்டிகள் வீட்டு வாசலுக்குத் திரும்பின. தபால் நிலையத் தலைவர், "நான்தான் எதையும் பாக்கலையே" என்று முடித்துக்கொண்டார். தபாலக்கா பழையபடி ஏறினாள்.

உச்சி வீட்டில் கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனாள். முதல் ஒரு வாரம் கதவு திறக்கவில்லை. எட்டாம் நாள் திறந்திருந்தது. உள்ளே தையல்காரம்மா ஊசியைக் கண்ணுக்கருகே பிடித்து நூலைக் குத்திக்கொண்டிருந்தார். நூல் காற்றைத்தான் கோர்த்தது. தபாலக்கா ஊசியை வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு கோத்துட்டுப் போ. வந்ததுதான் வந்த."

ரெண்டு, நாளடைவில் பன்னிரண்டு ஆனது. ஆறு வெள்ளை, நாலு கறுப்பு, ரெண்டு மற்ற நிறம். ஒரு பஞ்சுத் தலையணையில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுக் கிளம்புவாள். சட்டைக் காலர், பாவாடை நாடா என்று பழக்கத்தில் வரும் வேலையைத் தையல்காரம்மா கைத் தடவலிலேயே முடித்துவிடுவார். சில நாள் பேசிக்கொள்வார்கள். பல நாள் இருவருக்கும் பேசத் தெம்பிருக்காது. ஒருத்தி முட்டியைத் தேய்த்துக்கொள்வாள், மற்றவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மழையில் நனைந்த பை வாசலில் சொட்டிக்கொண்டிருக்கும்.

இப்படியே நாலு மாதம் போனது. இந்த முறை கடிதத்தை அவள் கையிலேயே கொண்டுவந்து, இரண்டு தடவை படித்துக்காட்டி, காலண்டரில் வட்டம் போட்டாள். அந்தக் காலையில் லீவு எடுத்துக்கொண்டு, தையல்காரம்மாவைப் பிடித்துப் படி படியாக இறக்கிக் கூட்டிப்போனாள்.

ஆபரேஷன் முடிந்து கண் கட்டுப் பிரித்த மறுநாள் அவள் தபாலோடு போய் நின்றபோது தையல்காரம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னக்கா, சரியாத் தெரியுதா?"

"தெரியுது. ஏன்டி இவ்ளோ ஓஞ்சு போயிருக்க? குரலை வச்சு நான் உன்னை நாப்பது வயசுக்காரின்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

தபாலக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று கண்ணில் நீர் வந்தது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கம்பி, லிவர்னு ஏன்டி அவ்ளோ தூரம் போனீங்க? பாதி வழியில குழாயடி இருக்குல்ல. தினம் காலையில தண்ணி புடிக்க வீட்டுக்கு ஒரு ஆளு அங்க வந்துதானே ஆகணும்? எனக்குக்கூட எதிர்வீட்டுப் பொண்ணு அங்கிருந்துதான் குடம் கொண்டாறா. பெட்டியெல்லாத்தையும் அந்தச் சுவத்துல அடிச்சுட்டா நீயும் பாதி ஏறுனாப் போதும், அவங்களும் தனியா இறங்க வேணாம்."

தபாலக்கா படிகளுக்குக் கீழே தெரிந்த குழாயைப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாகத் தினமும் அந்தக் குழாயில்தான் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை எழுத்திலேயே கேட்டாள். முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வர ஏழு வாரம் ஆனது. மறுத்து இரண்டு வரி, பிறகு தலைவர் நேரில் போய்ப் பேசியதில் சம்மதித்து ஒரு வரி. குழாயடிச் சுவரில் பெட்டிகள் வரிசையாக ஏறின, எல்லாம் நெஞ்சு உயரத்தில்.

இப்போது அவள் நூற்றியேழு படி ஏறுகிறாள். முட்டி சரியாகிவிடவில்லை, இனி ஆகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. கடைசிக் கடிதத்தைப் போட்டதும் பையை இறக்கி வைத்துவிட்டு, குழாய் மேடையில் பத்து நிமிடம் காலை நீட்டி உட்காருகிறாள். யாராவது அவசரமாகத் தண்ணீர் பிடிக்க வந்தால், "கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க, இப்போ எந்திரிக்க முடியாது" என்கிறாள். அவர்களும் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.