செவ்வாய்க்கிழமை அடைப்பு

தென்காசி ரத வீதியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. வேலைக்கு ஆள் கிடையாது. நானும் என் கணவரும்தான். முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை கடைவீதி முழுக்க அடைப்பு. திறந்து வைத்திருந்தால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து அபராதம் எழுதுவார். அவரைத் திட்டாத வியாபாரி இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். பிறகு விதியைத் தளர்த்தினார்கள். எல்லா நாளும் கடை திறக்கலாம் என்று தெரிந்த அன்று என் கணவர் அல்வா வாங்கி வந்தார்.

எதிரே இன்னொரு பாத்திரக்கடை. அந்தக் கடை அண்ணாச்சி முதல் செவ்வாயே திறந்தார். அடுத்த வாரம் நாங்களும் திறந்தோம். அதற்கப்புறம் எங்களுக்குக் கிழமை என்பதே இல்லாமல் போயிற்று. வீட்டில் துவைக்காத துணி குவிந்து கிடக்கும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட இருவரும் சேர்ந்து போக முடியாது. நின்று நின்று என் கால் வீங்கத் தொடங்கியது.

ஒருநாள் தாங்க முடியாமல் நானே எதிர்க்கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் அடைச்சிருவோமா?”

ஸ்டூலை விட்டு எழாமலே பார்த்தார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கறுத்திருந்தது.

“நானே கேக்கணும்னு இருந்தேன் தங்கச்சி. நீங்க அடைச்சா நானும் அடைக்கேன். முடியல.”

அந்தச் செவ்வாய் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போனோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போய் நின்றேன். தோளில் தண்ணீர் விழ விழ அழுகை வந்தது; ஏனென்று தெரியவில்லை. ஈரத்தோடு வெளியே வந்தால், என் கணவர் நனையாத சட்டையோடு பஜ்ஜிக்கடை ஓரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்க குளிக்கலியா?”

“பக்கத்துக் கடைக்காரர்ட்ட விசாரிச்சேன்ட்டி. எதுத்தாப்ல ஷட்டர் பாதி தூக்கியிருக்காம்.”

அப்புறம் அங்கே நிற்க மனமில்லை. தலைகூடச் சரியாகத் துவட்டாமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் அண்ணாச்சி எதையும் மறைக்கவில்லை. “வாசுதேவநல்லூர்ல இருந்து சீருக்குப் பாத்திரம் எடுக்க வந்துட்டாவ தங்கச்சி. போங்கன்னு எப்படிச் சொல்லுவேன்? நீங்களா இருந்தா சொல்லியிருப்பியளா?”

சொல்லியிருக்க மாட்டேன். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

இப்போது இரண்டு கடையும் எல்லா நாளும் திறந்திருக்கின்றன. மத்தியானம் தெரு வெறிச்சோடியதும் என் கணவரைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, அண்டாக்களுக்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுக்கிறேன். கண் அசரும்போது யாராவது வந்து குக்கர் விலை கேட்கிறார்கள். எடுத்துக் காட்ட நான்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன்.